மாமி கேட்ட முதல் கேள்வி

எண்பதுகளின் தொடக்கத்தில் சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்த புதிது. எங்கள் வழக்கப்படி மனைவி வீட்டில்தான் குடியிருந்தேன். ஆனால் மாமி என் முன்னால் வந்ததே இல்லை. ஏதும் சொல்வதென்றாலும் கதவு மறைவில் நின்று மகளிடம்தான் சொல்வார்.

சவளக்கடை வயலில் வெள்ளாமை வெட்டி, கதிர்க்கட்டைத் தூக்கும்போது அதற்கடியில் கிடந்த புடையன் பாம்பு என் கையைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும், விஷத்தால் என் பல் ஈறில் கசிந்த இரத்தம் நின்றது. கூடவே சலம், அதாவது சிறுநீர், போவதும் நின்றுபோனது.

"விஷம் கிட்னியைத் தாக்கியிருக்கு. சலம் போனாத்தான் நம்பலாம்" என்று டொக்டர் என் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் வார்டு வாசலில் மாமி. முக்காட்டை இழுத்துவிட்டபடி நேரே என் கட்டிலுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"மகன், சலம் போச்சா?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இல்ல மாமி" என்றேன். நாங்கள் இருவரும் கதைத்த முதல் கதை அதுதான்.

மாமி போகவில்லை. பக்கத்தில் இருந்து ஓதினார், இடைக்கிடை அதையே கேட்டார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போத்தலில் சாயத் தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம் விழுந்தது.

மாமி மறுபடி கேட்டதும், "ஓம் மாமி, போச்சு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுத மாமி, பெருநாள் பலகாரம் கொண்டுபோவதுபோல அந்தப் போத்தலைத் தாதியிடம் ஏந்திப் போனார். வார்டே சிரித்தது.

வீடு திரும்பிய பிறகு மாமி கதவு மறைவுக்குப் போகவேயில்லை. எத்தனையோ பேர் என்னிடம் சுகம் விசாரித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஈடாக ஒன்றையும் நான் கேட்டதில்லை.