சொன்ன பேச்சைக் கேட்காத கால்

தையல்கார அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது பியானோ தேர்வறையில்; அவருக்கு அடுத்து வாசிக்கக் காத்திருந்தேன். தேறினால் அவருக்குப் பள்ளியில் இசை ஆசிரியை வேலை உறுதி. ஆனால், பதினைந்து வருடம் தையல் மெஷின் மிதித்த கால் பியானோ பெடலிலும் சும்மா இருக்கவில்லை, தாளம் போட்டது. அடக்கமான பழைய செவ்வியல் மெட்டு ஜாஸ் இசையாகத் துள்ளியது.

"ஏம்மா, இது என்ன தையல் மெஷினா? எழுதியிருக்கிறபடி வாசிங்க, பாஸ் போடறேன்," என்றார் தேர்வாளர்.

"எழுதினவர் போய்ச் சேர்ந்துட்டார் சார். நான் உயிரோடதானே இருக்கேன்?"

"அப்ப சான்றிதழ் கிடையாது."

"நீங்களே வச்சுக்கோங்க. இன்னும் ஒரு பக்கம் இருக்கு, முடிச்சுட்டுப் போறேன்."

முன்னிலும் துள்ளலாக வாசித்து முடித்துத்தான் எழுந்தார்.

இப்போது பகலில் தைக்கிறார். வாரம் நான்கு மாலை ஓர் ஓட்டலில் வாசிக்கிறார். மறுபடி தேர்வுக்கு விண்ணப்பிக்கவில்லை.