மச்சான் சொல்ல வேண்டிய வார்த்தை

என் மனைவியின் தம்பி வீட்டில் இருந்தால் டிவிக்கே பேச வாய்ப்புக் கிடைக்காது. ஆனால் நாலு பேர் கூடிய சபையில் அனுமதி கேட்காமல் வாய் திறக்க மாட்டான். கூட்டுறவு வங்கியில் வேலை. மேலாளரிடம் நல்ல சேதி சொல்லப் போனால்கூட "சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவான். இது தெரிந்தும் அவனைத் திருட்டுக்குக் கூட்டுச் சேர்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடலூரில் நான் டிராயிங் மாஸ்டர். புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த நண்பர் ஒருவர், சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றைப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். அதை வரைந்தவர் கதையை முன்னால் யோசித்து வைப்பதில்லையாம். முதல் கட்டத்தை வரைவார், அதிலிருந்து இரண்டாவது பிறக்கும். ரப்பரே கிடையாது. கோணலாகப் போன கோடு அடுத்த கட்டத்தில் பாம்பாகவோ மாமியாராகவோ ஆகிவிடும். தப்புதான் அவருக்குக் கதை. எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. ஸ்டாஃப் ரூமில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அவர் புராணம்தான். அதோடு நின்றிருக்கலாம். "நானும் அப்படித்தான் வரைகிறேன்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

சிதம்பரத்தில் ஓவிய ஆர்வலர்கள் நடத்திய கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பேச்சு மட்டும் போதாது, கூட்டத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்ல, அதை வைத்துப் போர்டில் அங்கேயே கதை வரைந்து காட்ட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் தனியாக வரைந்து பார்த்தேன். மூன்றாம் கட்டத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

ஆகவே கதையை முன்கூட்டியே செய்துவிட்டேன். எங்கள் ஊர்த் தேவனாம்பட்டினம் கடற்கரை நண்டு ஒன்று பஸ் மாறி ஏறிச் சிதம்பரம் வந்துவிடுகிறது. காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வரைந்து வரைந்து, கண்ணை மூடினாலும் கை வரையும் அளவுக்குப் பழகினேன். "நான் கேட்டதும் நீ 'நண்டு'ன்னு கத்தணும், அவ்வளவுதான்" என்று மச்சானிடம் சொன்னேன். "இவ்ளோதானா மாமா? வெச்சுக்கலாம்" என்றான்.

கூட்டத்தில் பிரெஞ்சுக்காரரைப் பற்றி நன்றாகவே பேசினேன். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றேன். ஆட்டோ, யானை, கரண்ட் கட் என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குக் காது மந்தம்போல, "வேற? வேற?" என்று அவனையே பார்த்தேன். சத்தம் அடங்கியது. அவன் எழுந்து நின்றான்.

"மாமா, இப்ப சொல்லிடட்டா?"

நான் தலையாட்டவில்லை, கண்ணை உருட்டினேன். அதை அவன் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "நண்டுதான மாமா? மாறிடலயே?"

சிரிப்பு வெடித்தது. முன்வரிசையில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, நல்ல சிரிப்பு. அந்தப் பிரெஞ்சுக்காரராக இருந்தால் அந்த நொடியில் திரும்பி, கூட்டத்தில் கைகட்டி நின்று அனுமதி கேட்கும் மனிதனை முதல் கட்டத்தில் வரைந்திருப்பார். அதைவிட நல்ல கதை யாருக்குக் கிடைக்கும்? நான் டஸ்டரை எடுத்து, ஒன்றும் எழுதாத போர்டைத் துடைத்தேன். "தலைவலி, மன்னிக்கணும்" என்று இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் அவன் பக்கம் திரும்பவே கூசியது. "எம்மேலதான் தப்பு மாமா. அவுங்கல்லாம் கத்தும்போது கூடவே கத்தியிருக்கணும்" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அவனைப் பொய்யனாக்கியதும் நான், அவனைக் குற்றவாளியாக உணர வைத்ததும் நான். கடலூர் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலிலேயே மனைவி, "எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். நான் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானேன். மச்சான் முந்திக்கொண்டான்.

"மாமா கலக்கிட்டாருக்கா. யாரோ நண்டுன்னு சொன்னாங்க. ஒடனே வரைய ஆரம்பிச்சிட்டாரு பாரு. நண்டு பஸ்ல ஏறுது. கண்டக்டரு டிக்கெட்டு கேக்குறாரு. அது கையக் கட்டிக்கிட்டு, 'சொல்லலாமா சார்?'னு நிக்கிது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் செய்துவைத்த கதையில் கண்டக்டரே கிடையாது. எனக்காக அவன் அங்கேயே நின்று ஒவ்வொரு கட்டமாக உண்டாக்கிக்கொண்டிருந்தான். என் மானத்தைக் காப்பாற்றத் தன்னையே நண்டாக்கிக்கொண்டான். எனக்குத் தலை நிமிரவில்லை.

"அப்புறம் அந்த நண்டு என்னாடா ஆச்சு?" என்றாள்.

அவன் கள்ளமில்லாமல் என்னைப் பார்த்தான். "அத மாமா சொல்லட்டும். அவரு கததான?"

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ஒரு செருப்பு காலிலும் ஒன்று கையிலுமாக நான் நின்றேன்.