பொதுச்சுவரின் இந்தப் பக்கம்

கோட்டைச்சாமிக்குச் சோறு போட்டதே பயம்தான். விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் வெடிமருந்து கலக்கும் அறையில் அவருக்கு வேலை. செருப்பை வெளியே விட்டு, உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். வழக்கமில்லாத ஒரு சத்தம் கேட்டால் போதும், கையிலிருப்பதை வைத்துவிட்டு ஓடிவிடுவார். அந்த அறையில் முதலில் சொல்லிக்கொடுப்பதே அதுதான்: கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே, ஓடு. கூட வேலை பார்ப்பவர்கள் தொடைநடுங்கி என்று கேலி பேசுவார்கள். ஆனால் அவர் ஓடினால் முதல் ஆளாகப் பின்னால் ஓடுவதும் அவர்கள்தான்.

வீட்டுக்குள் மட்டும் அவருக்குப் பயம் கிடையாது. கல்லும் செம்மண் சாந்துமாகத் தாத்தா கட்டிய வீடு. பங்கு பிரித்தபோது நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் கோட்டைச்சாமிக்கு, அந்தப் பக்கம் சித்தப்பா மகன் காளீஸ்வரனுக்கு. சுவர் இரண்டு பேருக்கும் பொது. அதில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் கோட்டைச்சாமி ராத்திரிச் சோறு தின்பார். அதன் ஓரமாகத்தான் மகள் எழில் பாய் விரித்துப் படிப்பாள்.

சித்திரையில் காளீஸ்வரன் மாடி எடுக்க ஆரம்பித்தான். அவன் அதே கம்பெனியில் போர்மேன். யாருக்கு எந்த அறை, யாருக்கு வேலை இல்லை என்பதெல்லாம் அவன் வாயில்தான் இருக்கிறது. பூசையன்று மஞ்சள் குங்குமம் வைத்த செங்கலைப் பங்காளிதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணனை வந்து அழைத்தான். அத்தனை பேருக்கு நடுவில் போர்மேன் தன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதில் கோட்டைச்சாமிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. மாடியின் பாரம் எதன்மேல் இறங்கப்போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. செங்கலை எடுத்துக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மறுவாரம் சுவருக்குள் உளிச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் எலி பிறாண்டுவதுபோல இருந்தது. பிறகு பாத்திர அலமாரி நடுங்கியது. எழிலின் புத்தகத்தின்மேல் செம்மண் தூள் கொட்டியது. பீம் வைக்கச் சுவரில் குழி வெட்டுகிறார்கள் என்று மனைவி அய்யம்மாள் போய்ப் பார்த்துவந்து சொன்னாள். போய்க் கேளுங்க, போய்க் கேளுங்க என்று தினமும் நச்சரித்தாள். கோட்டைச்சாமி தலையாட்டுவார். காலையில் கம்பெனி வாசலில் காளீஸ்வரனைப் பார்த்ததும் வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்குள் எதுவோ மளுக்கென்று முறிந்தது. அடுத்து அவருக்கு நினைவிருப்பது தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்க, மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். வீடு நின்றது. வாசலில் அய்யம்மாளும் எழிலும் தலையெல்லாம் மண்ணாக நின்றார்கள். எழில் அழவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அய்யம்மாள் கத்தவுமில்லை. "ஓடுனது சரி. ஒரு சத்தம் குடுத்துட்டு ஓடிருக்கலாம்ல?" என்றாள்.

சுவரில் மேலிருந்து கீழே விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். மறுநாள் கோட்டைச்சாமி லீவு போட்டுவிட்டு, கோர்ட்டில் இலவசமாகச் சட்ட உதவி செய்யும் வக்கீல் அருணாதேவியிடம் போனார். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் நிதானமாக விளக்கினார். பொதுச்சுவர் என்றால் முழுச் சுவரும் இரண்டு பேருக்கும் சொந்தம். மற்றவருக்குக் கெடுதல் வராத அளவுக்கு யாரும் பயன்படுத்திக்கொள்ளலாம். பலம் குறையும்படி குடைவதற்கும், மேலே ஏற்றிக் கட்டுவதற்கும் மற்றவர் சம்மதம் வேண்டும். கெடுத்தவர்தான் சரிசெய்து கொடுக்க வேண்டும். தானாகப் பழசாகிப் பழுதானால் செலவு இருவருக்கும் பொது. அதில் கோட்டைச்சாமியும் நழுவ முடியாது.

செங்கல் எடுத்துக் கொடுத்ததைச் சொன்னபோது அருணாதேவி பேனாவைக் கீழே வைத்தார்.

"அதையே சம்மதம்னு சொல்வாங்க. இனியும் பேசாம இருந்தீங்கன்னா அதுவும் அவங்களுக்குத்தான் சாதகம். மாடி எழும்பின பிறகு வந்தா இடிக்கச் சொல்லி உத்தரவு வாங்குறது லேசில்ல. முதல்ல நேர்ல போய் நிறுத்தச் சொல்லுங்க. கேக்கலேன்னா உடனே தடை கேட்டு மனுப் போடுவோம்."

பஸ்ஸில் திரும்பும்போது வக்கீல் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தார். இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் பிழைத்துக் கிடக்கிறோம் என்று நம்பியிருந்தார்.

காளீஸ்வரன் வீட்டில் கொத்தனார் புகழேந்தி சாரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தார். காளீஸ்வரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். விரிசலைப் பற்றிச் சொன்னதும் சிரித்தான்.

"தீபாவளிப் பட்டாசு லோடுக்கே பயப்படாத ஊருல, சுவத்துக்குப் பயப்படுற ஆளு நீங்க ஒருத்தருதாண்ணே. முதச் செங்கல்ல எடுத்துக் குடுத்ததே நீங்கதான?"

கோட்டைச்சாமி நாற்காலியைத் தள்ளிவைத்தார். சாரத்தில் ஏறினார். சுவரின் இந்த முகத்தை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. குழிக்குள் கையை விட்டார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. விரல் நுனி ஒரு சொரசொரப்பைத் தொட்டது. அவர் வீட்டுப் பூச்சின் முதுகு அது. கல் இல்லை, மண் இல்லை, வெறும் பூச்சு. அதற்கு அந்தப் பக்கம் எழில் பாடத்தைச் சத்தமாகப் படிப்பது, காதோடு சொல்வதுபோல அத்தனை தெளிவாகக் கேட்டது.

கையை உருவிக்கொண்டு இறங்கினார். 

"தம்பி, வேலைய நிறுத்து. மாடிக்கு உன் வீட்டுக்குள்ளயே தூணு எழுப்பிக்க. வெட்டுனதெல்லாம் அடைச்சுக் குடு. இல்லேன்னா நாளைக்குக் கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுருவேன். வேலைக்கு வராதன்னு சொன்னாலும் போடுவேன்."

காளீஸ்வரனின் சிரிப்பு நின்றது. கொத்தனாரைப் பார்த்தான். புகழேந்தி எங்கேயோ பார்த்தபடி, குழி கொஞ்சம் ஆழமாகத்தான் போய்விட்டது என்று ஒப்புக்கொண்டார். மடித்துக் கட்டியிருந்த கைலியைக் காளீஸ்வரன் இறக்கிவிட்டான்.

"அடைச்சு விடுங்க கொத்தனாரே," என்றான். பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்காமல், "கம்பெனி விசயம் கம்பெனில பேசிக்குவோம்," என்றான்.

அதன் அர்த்தம் கோட்டைச்சாமிக்குப் புரிந்தது. 

செங்கலை இறுக்கி அடைக்கும்போது அந்தப் பக்கப் பூச்சு பிதுங்கி விழலாம், பலகை வைத்து ஒரு ஆள் அணைத்துக்கொள்ள வேண்டும் என்றார் புகழேந்தி. தான் சித்தாளை அனுப்புவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று கோட்டைச்சாமியே போனார். அய்யம்மாளையும் எழிலையும் தெருவில் நிறுத்தினார். விரிசலின்மேல் பலகையை வைத்து, முதுகைக் கொடுத்து, குதிகாலை ஊன்றிக்கொண்டார். எதிரே வாசல் அகலத் திறந்து கிடந்தது.

அந்தப் பக்கம் முதல் சுத்தியலடி விழுந்தது. நடு நெஞ்சில் வாங்கியதுபோல இருந்தது. பிடரியில் மண் சொரிந்தது. கண்ணை மூடினால் இன்னும் பயமாக இருந்ததால் திறந்தே வைத்திருந்தார். அடுத்த அடி. அதற்கடுத்தது.

"அப்பா, உள்ள வரட்டுமா?" என்று எழில் கேட்டாள்.

"இன்னும் இல்ல தாயி," என்றார். "அங்கனயே நில்லு."