சங்கையா குரல் கொடுக்காத நாள்

தேவிகுளத்துக்கு மேலே கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் வெட்டும் காட்டில் சங்கையாவுக்கு வேலை, குரல் கொடுப்பது. வெட்டிய மரத்தின் ஒரு தடியை எட்டுப் பேர் தோளில் ஏற்றும்போது அவர் "ஏ...லா" என்று இழுப்பார், எல்லாரும் ஒன்றாக எழுவார்கள். அவர் இரண்டு முறை கைதட்டினால் இறக்க வேண்டும். தூக்குகிறவர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தமிழ் அரைகுறைதான், ஆனால் இந்தக் குரலும் கைதட்டலும் தப்பாது. ஒருவன் பிந்தினால் இன்னொருவன் முதுகு போய்விடும்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் அவர். வீட்டில் சத்தமே வராது. "இந்த மனுசன் தொண்டையெல்லாம் காட்டுக்குத்தான்" என்பார் மனைவி மாரீஸ்வரி.

போன ஜூலையில் மழையோடு தூக்கியதில், தூக்குகிறவர்களில் ஒருவனான சுக்ராவின் கால் நசுங்கியது. பட்டை உரித்த தடி நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். அன்றும் குரல் கொடுத்தவர் சங்கையாதான். அதன்பின் மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமும் தூறல். பேப்பர் கம்பெனிக்குப் போக வேண்டிய லாரி தடி ஏற்றக் காத்து நின்றது. மலையாளி கான்ட்ராக்டர் ஜோஜோ ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"எடோ சங்கையா, தொடங்கு."

"தடி காயட்டும் மொதலாளி."

"இது என்ன, நீ துவைச்சுப் போட்ட வேட்டியா?"

"சுக்ரா காலு மொதலாளி."

"நீ விளிக்கலைன்னா நான் விளிக்கும்." ஜோஜோ தடியருகே போய் "ஏலா, ஏலா" என்றார். யாரும் அசையவில்லை. கோபத்தில், "வேகம், வேகம்!" என்று இரண்டு முறை கைதட்டினார்.

எட்டுப் பேரும் தடி உறுத்தாமலிருக்கத் தோளில் போட்டிருந்த சாக்கை இறக்கி வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்தார்கள்.

"முதலாளிதான் இறக்கச் சொன்னாரு அண்ணா" என்றான் சுக்ராவின் தம்பி பிர்சா. எல்லாரும் சிரித்தார்கள்.

ஜோஜோவின் முகம் சிவந்தது. "நாளைக்கு எல்லாரும் தங்குற ஷெட் காலி பண்ணணும், கேட்டோ!"

"பண்ணுதோம்" என்றார் சங்கையா. "தூக்க யாரு வருவா?"

ஜோஜோ பக்கத்துக் காட்டில் குரல் கொடுக்கும் பொன்ராஜுக்குப் போன் போட்டார். அவன் பைக்கில் வந்து சேர்ந்தான். ஈரத் தடியை உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்தான். பிறகு சங்கையாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நவுந்து உக்காருண்ணே. பீடி இருக்கா?"

லாரி வெறுமனே மலை இறங்கியது.