கொடியில் காய்ந்த கையுறைகள்

குழந்தைகளுக்குப் பூசும் பவுடரின் வாசமும் ஈர ரப்பரின் வாசமும் கலந்து வந்தால், புலம்பெயர்ந்து வந்து பென்டில் ஹில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் "பின்வளவு", அந்தப் பின்முற்றம்தான் இன்றும் எனக்கு நினைவுக்கு வரும். அங்கே துணி காயும் கொடியில், என் பள்ளிச் சீருடைக்குப் பக்கத்தில், ஒருமுறை போட்டுவிட்டு எறிய வேண்டிய கையுறைகளைக் கழுவி, விரல்கள் கீழே தொங்க வரிசையாகக் காயவிட்டு, காய்ந்ததும் ஒட்டாமலிருக்கப் பவுடர் பூசி வைப்பார் அன்ரி.

அன்ரி என்று நான் கூப்பிட்டவர் அம்மாவின் ஊர்க்காரர். எங்கள் பின்னறையில் தங்கி, முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தார். ஊரில் சண்டை நடந்த காலத்தில், மருத்துவர் இல்லாத ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தையல் போடப் பழகிய முதல் பெண்களில் அவரும் ஒருவர் என்று அம்மா சொல்லியிருந்தார். பன்னிரண்டு வயதுக்காரியான எனக்கோ, சினேகிதிகள் வந்து அந்தக் கையுறைகளைப் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. "பெட்டி பெட்டியா விக்கிறாங்கள், எறியுங்கோவன்" என்று அம்மாவும் சொல்லிப் பார்த்தார். "எறிய மனம் வருகுதில்லை" என்பார் அன்ரி.

அந்த வருடம் பள்ளியில், போர்க்காலத் தாதியரில் முன்னோடிகளான இருவரை ஒப்பிட்டு, அவர்கள் நமக்கு விட்டுச்சென்றது என்ன என்று எழுதச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் நூலகத்தில் சிலை உள்ளவர்களைத் தேடிக்கொண்டிருக்க, சோம்பேறியான நான் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் மார்கரெட். வியட்நாம் போருக்கு இந்த நாட்டிலிருந்து முதலில் போன தாதியரில் ஒருவர், பதக்கங்களை பிஸ்கட் டின்னில் வைத்திருப்பவர். இந்தப் பக்கத்து அன்ரி, சேலையைக் கிழித்துக் காயம் கட்டியதையும், ஒரே சோடிக் கையுறையை அவித்து அவித்து வாரக்கணக்கில் பாவித்ததையும் பின்னேரம் முழுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பேரை மட்டும் போடாதை பிள்ளை. தம்பி அங்கை ஊரிலை இருக்கிறான்."

காயக்காரருக்கு மருந்து கட்டியவரின் தம்பி என்று தெரிந்தால் ஊரில் ராணுவத்தினர் அவரை விசாரணைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள் என்று அன்ரிக்குப் பயம். ஆகவே மார்கரெட்டின் பக்கத்தில் பெயர், படம், பதக்கம் எல்லாம் இருந்தன. அன்ரியின் பக்கத்தில் தலைப்பில் போடப் பெயரே இல்லை. "ஆதாரம் எங்கே?" என்ற சிவப்பு எழுத்தோடும் பாதி மதிப்பெண்ணோடும் தாள் திரும்பி வந்தது. "உங்களாலைதான்!" என்று நான் அன்ரியிடம் கத்தினேன்.

அவர் கொடியடிக்குப் போய், கையுறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாயால் ஊதி, கன்னத்தருகே பிடித்துப் பார்த்து மடிக்கத் தொடங்கினார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த மார்கரெட் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையை நீட்டி ஒரு கையுறையை வாங்கினார். தானும் ஊதி, தானும் கன்னத்தில் வைத்தார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு அவ்வளவாக விளங்காத அந்த இரண்டு பெண்களும் காற்றடைத்த கையுறைகளோடு நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மார்கரெட் என் தாளை வாங்கி அடியில் எழுதினார்: "ஊசித்துளை இருந்தால் கன்னத்தில் காற்றுப் படும். போரில் நாங்களும் இப்படித்தான் பார்த்தோம். இவர் தாதி என்பதற்கு நானே ஆதாரம்." கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதிப்பெண் மாறியதா என்பது மறந்துவிட்டது. அன்று அன்ரியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மறக்கவில்லை. அது இன்றும் சுடுகிறது.

அந்த வீடு இப்போது இல்லை. அடுக்குமாடி வந்துவிட்டது, கொடி கட்ட இடமில்லை. மார்கரெட் காலமாகிவிட்டார்; அவருடைய பதக்கங்கள் உள்ளூர் மன்றத்தின் கண்ணாடிப் பெட்டியில் பெயரோடு இருக்கின்றன. பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நான் நாளுக்கு எத்தனையோ கையுறைகளைக் கழற்றி எறிகிறேன்.

இதை எழுதத் தொடங்கியபோது, மெல்பேர்னில் இருக்கும் அன்ரிக்குத் தொலைபேசி எடுத்து, அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் எப்பவோ மறந்திட்டன்" என்றார். இப்போதாவது பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். 

"வேண்டாம் பிள்ளை. தம்பி இன்னும் அங்கைதானே. மார்கரெட்டைப் பற்றி நல்லா எழுது."

எழுதியிருக்கிறேன், அன்ரி. உங்கள் பெயரைப் போடவில்லை.