தொடாதே அக்கா தொட்ட நாள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வாடகைப் பத்திரத்திலும் மருந்துச் சீட்டிலும் தவிர அதை யாரும் பார்த்ததில்லை. தெருவுக்கு அவள் தொடாதே அக்கா. தையல் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒற்றை ஜன்னல் அறையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள். படியேறி மூச்சு வாங்க வருகிறவர் வாயைத் திறக்கும் முன்பே, "இப்ப ஓடுதா? ஓடுதுன்னா தொடாதே" என்பாள். அவளைவிடப் பத்து வயது பெரியவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

கை சுத்தமான வேலைக்காரி. கழற்றிய திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைப்பாள். எந்தக் குழி எந்த ஓட்டைக்கு என்று அவளுக்கு அத்துப்படி. கருகிய போர்டையும் தண்ணீர் குடித்த லேப்டாப்பையும் உயிரோடு திருப்பிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றே ஒன்றுதான் மாட்டேன் என்பாள்: மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்வது.

பயாஸ் பெரிய மாயம் ஒன்றுமில்லை. காலையில் கண் விழித்ததும் நமக்கு நம் கை எங்கே, கால் எங்கே, கதவு எந்தப் பக்கம் என்று தெரிகிறதல்லவா? கம்ப்யூட்டருக்கு அது தானாகத் தெரியாது. போர்டில் ஒட்டியிருக்கும் நகத்தளவு சில்லு ஒன்றில் அதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். மெஷின் எழுந்ததும் முதலில் அதைத்தான் படிக்கும். செய்த கம்பெனி அவ்வப்போது அதைத் திருத்தி எழுதித் தரும். திருடன் நுழையும் சந்து அடைபடும், புதிய பிராசசரை மெஷின் அடையாளம் கண்டுகொள்ளும், காரணம் தெரியாமல் மக்கர் செய்த கருவி ஒழுங்குக்கு வரும். ஆனால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் கரண்ட் போனாலோ, வேறு போர்டுக்கான ஃபைலைப் போட்டுவிட்டாலோ, பாதி அழிந்த சில்லோடு போர்டு கல்லாகிவிடும். அதற்குமேல் அது எழுந்திருக்காது.

"அதுவா? பதினாலு வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த வரைபட ஆபீஸ்ல போட்டேன். போர்டு செத்துப்போச்சு. வேலையும் போச்சு" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். போட்டதும் உண்மை, செத்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த தெருவில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். முப்பது வருடம் மாடிமாடியாக ஏறி இறங்கியவர், ஒரு வியாதி வந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டார். பேச்சும் போய்விட்டது. வலி மட்டும் தெரியும். அசைவில் மிஞ்சியது கண். கட்டிலுக்கு எதிரே ஒரு திரை, அதன் அடியில் கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கிற சின்னக் கேமரா. திரையிலுள்ள எழுத்தை அவர் பார்த்துப் பார்த்துச் சொல் சேர்ப்பார், மெஷின் அதைத் தட்டையான குரலில் பேசும். அந்தப் பேச்சு மென்பொருளைச் செய்த சின்னக் கம்பெனி மூடிப் பல வருடம் ஆயிற்று. போர்டின் எண்ணைப் பார்த்துத்தான் அது திறக்கும். வேறு கம்ப்யூட்டரில் போட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். போர்டு போனால் அவர் குரலும் போனது, அவ்வளவுதான்.

அந்தக் கேமராவுக்குத்தான் ஏழு மாதமாகக் கேடு. பத்து நிமிடம் ஒழுங்காக இருக்கும், பிறகு பொசுக்கென்று காணாமல் போகும். அவர் மனைவி வந்து மெஷினை அணைத்துப் போட்டால்தான் திரும்பி வரும். அக்கா கேபிளை மாற்றினாள், அதைச் செருகும் துளையை மாற்றினாள், பவர் பெட்டியையே மாற்றினாள். ஒவ்வொரு முறையும் "பாப்போம் அண்ணி, இதுல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சரியாகாது என்று அவளுக்குத் தெரியும். முதல் வாரமே போர்டு கம்பெனியின் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தாள். புதிய பயாஸுக்கான குறிப்பின் மூன்றாவது வரியில், யுஎஸ்பியில் மாட்டிய கருவிகள் இடையிடையே துண்டிக்கப்படும் குறை நீக்கப்பட்டது என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை அச்செடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஏழு மாதம் அந்தத் தாள் அவளோடு கடைக்கும் வீட்டுக்கும் நடந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் மெக்கானிக்கின் மனைவி படியேறி வந்தாள். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

"நேத்து துணி காயப்போட மாடிக்குப் போனேன் அக்கா. அப்படியே பேச்சுல நின்னுட்டேன். கீழ வந்து பாத்தா இவரு கால் சரிஞ்சு கட்டில் சட்டத்துல மாட்டிக் கெடக்கு. கன்னிப்போயிருக்கு. கேமரா செத்துக் கெடக்கு. ரெண்டு மணி நேரம். கூப்பிட முடியாம, என்னைக் கூப்பிட முடியாம..."

அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"இப்பல்லாம் என்கிட்ட பேசறதே இல்ல. சரி, வேண்டாம், போ. இவ்வளவுதான். என்மேல வெறுப்பாயிருச்சு போல. இருக்கட்டும். ஆனா வலிச்சா கூப்பிடணும் இல்லையா?"

முன்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போன பிறகு, அக்கா பையிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கடையிலிருந்த பெரிய யுபிஎஸ்ஸை ஆட்டோவில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். கட்டிலருகே நின்று இருவருக்கும் விளக்கினாள். செய்தால் என்ன கிடைக்கும், தப்பினால் என்ன போகும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஏழு மாதக் கதையை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

"வேண்டவே வேண்டாம்" என்றாள் மனைவி. "நொண்டியோ சண்டியோ, இப்ப ஏதோ பேசறாரு. அதுவும் போயிட்டா நான் எங்க போவேன்?"

"அண்ணி, பேசப்போறது அவரு. அவரையே கேப்போம்" என்று அக்கா கட்டில் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க அண்ணே."

அவர் திரையைப் பார்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மெஷின் பேசியது: "லிஃப்ட் நடுவுல நின்னா யாரும் சாகறதில்ல. கதவ நெம்பி வெளிய குதிக்கிறவன்தான் சாவான். போடு. போட்டுட்டு அவசரப்ப"

அத்தோடு கேமரா போய்விட்டது. மூவரும் அந்த அறுந்த சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா வேலையில் இறங்கினாள். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, டார்ச் அடித்து, போர்டில் அச்சடித்திருந்த மாடல் எண்ணையும் அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள். தாளோடு ஒப்பிட்டாள். மறுபடி படித்தாள். பழைய பயாஸின் ஒவ்வொரு செட்டிங் பக்கத்தையும் போனில் படம் பிடித்தாள், மொத்தம் இருபத்தாறு. மெஷினின் பிளக்கை யுபிஎஸ்ஸில் மாட்டினாள். பென் டிரைவைச் செருகினாள். ‘உறுதிதானா’ என்று மெஷின் கேட்டபோது கையை ஒருமுறை புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள்.

பட்டை ஓடியது. பத்து, முப்பது, எழுபது. நூறு வந்ததும் மெஷின் தானாக அணைந்து, விசிறி ஒருமுறை உறுமி, திரை கறுத்தது.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். திரை கறுப்பாகவே இருந்தது. விசிறி நின்றது. திரும்பச் சுற்றியது. அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை.

"போச்சா?" என்றாள் மனைவி. "அக்கா, போச்சா? ஒரு தடவ அணைச்சுப் போட்டுப் பாக்கறேன்." ஏழு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தாள், கை தன்னால் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதீங்க!" அக்கா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியை விடவில்லை.

"எவ்வளவு நேரம் இப்படியே இருக்கும்?"

"தெரியாது அண்ணி."

"தெரியாதா?"

"அன்னைக்கு நான் பாக்கல." அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேனே, அப்டேட் போட்டேன் போர்டு செத்துச்சுன்னு. அது தானா சாகல. இதே மாதிரி திரை கறுத்துச்சு. உள்ள எழுதிட்டுத்தான் இருந்திருக்கு. எனக்குப் பயம் தாங்கல. ரெண்டே நிமிஷம். பிளக்க நான்தான் புடுங்கினேன். நான்தான் கொன்னேன். யார்கிட்டயும் சொல்லல."

மனைவி கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

"இன்னொண்ணும் இருக்கு. இதுக்கு மருந்து இதுதான்னு எனக்கு ஏழு மாசமாத் தெரியும். இந்தத் தாளப் பையிலயே வச்சிருந்தேன். பயந்துக்கிட்டு கேபிள மாத்தி மாத்தி உங்கள ஏமாத்தினேன்."

நான்காவது நிமிடம். மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். அவர் கண் இருவரையும் மாறிமாறி வெட்டிக்கொண்டிருந்தது. கேமரா வருவதற்கு முன்பு அவர்கள் பேசிக்கொண்ட பழைய முறையை அவள் எடுத்தாள். எழுத்து வரிசையைச் சொல்லிக்கொண்டே போவாள், சரியான இடத்தில் அவர் கண்ணை மேலே தூக்குவார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து உள்ள பாஷையில் அது லேசான காரியமில்லை.

"க வரிசையா? ச? ட? த? ப?" கண் மேலே போனது. "ப, பா, பி, பீ, பு, பூ, பெ, பே, பை, பொ..." மேலே. "பொ... சரி. அடுத்தது? க? ச? ட? ண? த? ந?"

கண் அசையவில்லை. அவள் எழுத்து எழுத்தாகத் தாண்டி, கடைசிக்கு முந்தைய வரிசை வரை வந்தாள். "ற?" மேலே. "ற, றா, றி, றீ, று..."

"பொறு" என்றாள் மனைவி. "பொறுன்னு சொல்றாரு."

பொறுத்தார்கள். சுவிட்சுக்கு அருகே இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். ஆறாவது நிமிடத்தில் விசிறி மறுபடி உறுமியது. திரையில் போர்டு கம்பெனியின் சின்னம் வந்தது.

வந்த சந்தோஷம் ஒரு கணம்தான். ‘இயங்குதளம் இருக்கும் டிஸ்க்கைக் காணவில்லை’ என்று வெள்ளை எழுத்து. மனைவிக்குப் பாதி உயிர் போயிற்று. அக்காவோ அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தாள். "இது ஒண்ணுமில்ல அண்ணி. புதுசா எழுதினதுல பழைய செட்டிங் எல்லாம் மறந்துபோச்சு. நாம சொல்லிக்கொடுக்கணும்." போனைத் திறந்து இருபத்தாறு படங்களையும் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். மெஷின் எழுந்தது. பேச்சு மென்பொருள் போர்டின் எண்ணைப் பார்த்து, முணுமுணுக்காமல் திறந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மணி பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். கேமரா இந்த முறை பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டும்.

அவர் எழுதத் தொடங்கினார். வாக்கியம் சேர ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். பிறகு அந்தத் தட்டைக் குரல்.

"ஏம்மா. ஏழு மாசம் அந்தத் தாளப் பையில வச்சுக்கிட்டுத் திரிஞ்சியா?"

அக்கா தலையாட்டினாள். அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தார்கள். ஆமை வேகத்தில் வருகிற திட்டை நின்று வாங்குவது எவ்வளவு கொடுமை என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீ பயந்ததுக்கு என் வாயக் கட்டிப் போட்டியே. கேக்க வேண்டியது என்னைத்தானே? முதல் நாளே கேட்டிருந்தா போடுன்னு சொல்லியிருப்பேன்."

ஆறு நிமிடம்.

"நான் பேசினாப் பாதியில அறுந்துடும். பாதிப் பேச்சு சில சமயம் தப்பாப் போயிடும். அதனால சின்னதாப் பேசினேன். சரி. வேண்டாம். போ."

ஒன்பது நிமிடம்.

"இவ நான் வெறுத்துட்டேன்னு நெனச்சுட்டா. சமையலறையில அழுதது எனக்குக் கேட்டுச்சு. இல்லடின்னு சொல்ல எனக்கு வாக்கியம் இல்ல."

பத்து. பதினொன்று. சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்து முகவாய்க்கட்டையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"திட்டுங்க அண்ணே" என்றாள். "நிறுத்தாதீங்க. இன்னும் திட்டுங்க."

அவர் கண் திரையில் நிதானமாக நகர்ந்தது. இந்த முறை நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். பதினான்காம் நிமிடம் மெஷின் பேசியது.

"உனக்கு இன்னைக்கு இது போதும். நீ கிளம்பு. இவகிட்ட ஏழு மாசம் பேசாத பேச்செல்லாம் இருக்கு. இவள அந்த முக்காலிய எடுத்துப் போட்டுக்கிட்டு உக்காரச் சொல்லு."

சொல்லத் தேவையிருக்கவில்லை. அக்கா யுபிஎஸ்ஸை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டும்போது, உள்ளே முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது.