பாறைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

இரண்டு ஞாயிறுக்கு முன் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சிரமதானம், ஊரே கூடிப் பாதை வெட்டும் தொண்டு. நானும் ஒரு மண்வெட்டியோடு போயிருந்தேன்.

மழையில் மண் சரிந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்துக்கு ஏறும் பாதை போய்விட்டது. வேன் கீழ் லயத்தோடு நின்றுவிடுகிறது. மேல் லயத்துப் புஷ்பத்துக்கோ நிறைமாதம். "கம்பளியில கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா வரமாட்டேன். வேன் வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

புஷ்பம் பிறந்தது கீழ் லயம், வாக்கப்பட்டது மேல் லயம். தேர் முதலில் யார் வாசலில் நிற்பது என்று போன திருவிழாவில் மூண்ட சண்டை... இரண்டு லயமும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் மண்வெட்டியோடு இரண்டுமே வந்திருந்தன. ஏன்?

"எங்க வூட்டுப் புள்ள சார்" என்றார் கீழ் லயத்து ராமையா, அவளுடைய தாய்மாமன்.

"எங்க மருமக. அவனுக பேரு வாங்கிட்டுப் போக, நாங்க வேடிக்க பாக்கணுமாக்கும்?" இது மாமனார் முனியாண்டி.

இன்னொருவர் என் காதோரம் வந்தார். "வீட்டுல இருந்தா வெறகு பொளக்கச் சொல்லுவா சார்..."

பாசம், ரோஷம், தப்பியோட்டம் – தொண்டுக்குத்தான் எத்தனை ஊற்றுக்கண்கள்!

கொழுந்து பறிக்கச் செடி வரிசையில் நிரை பிடிப்பதுபோல ஆளுக்கொரு துண்டு பிடித்தார்கள். மேல் லயம் மேலிருந்து, கீழ் லயம் கீழிருந்து. நடுவில் வெள்ளை வெளேரென்று பனிமூட்டம். வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் அதட்டல் இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் வேலைநாளில் பார்க்காத வேகம்!

மதியம் பனி விலகியது. மலை மெல்லக் கண் திறந்தது. எல்லோரும் வாய் திறந்தார்கள்.

நடுவே ஒரு பாறை. மேலிருந்து வந்த பாதை அதற்கு இந்தப் பக்கம். கீழிருந்து வந்த பாதை அந்தப் பக்கம். பேசினால்தானே சேரும்?

யார் விட்டுக்கொடுப்பது? ஒருவரும் அசையவில்லை.

மேலே, இடுப்பில் கை வைத்தபடி புஷ்பம் சத்தம் போட்டாள்: "ஏன் மாமா, நான் எந்தப் பக்கமா வர்றது? என்னையும் ரெண்டாப் பிரிச்சு அனுப்பட்டுமா?"

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மலைச்சரிவு முழுக்கச் சிரிப்பு. ராமையா முனியாண்டியைப் பார்க்காமலே, அவர் பிடித்திருந்த கடப்பாரைக்குக் கையை நீட்டினார்.

"அந்த அலவாங்கைக் குடுப்பா."

பல மாதத்தில் முதல் வார்த்தை! இரு லயத்துத் தோள்களும் சேர்ந்து முட்ட, பாறை முனகியபடி ஓரமாய்ப் புரண்டது. பொழுது சாயும்போது வேன் ஹாரன் அடித்துக்கொண்டு மேல் லயத்து வாசலில் வந்து நின்றது.

புதன்கிழமை அதே வேனில் புஷ்பம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

இப்போது பெயர் வைப்பது யார் என்று இரண்டு லயமும் மோதிக்கொண்டிருக்கின்றன. அதுவும் சம்பளமில்லாத வேலைதான் – ஒருவர்கூட லீவு எடுக்கவில்லை!